மதிலுக்கு அந்தப் பக்கம்

உலகத்தில் இரண்டே இடங்கள்தான் உண்டு என்று அவர் மனப்பூர்வமாக நம்பினார். ஒன்று, நம்ம இடம். மற்றது, நம்ம இடத்துக்கு அந்தப் பக்கம். முதலாவது சுத்தமாக இருக்க வேண்டும். இரண்டாவது எதற்காகப் படைக்கப்பட்டது என்பதை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. தினமும் காலையில் பட்டறை வாசலைப் பெருக்கிய குப்பை மதில்மேல் ஏறி எங்கே போய் விழுகிறது என்று பார்த்தால் யாருக்கும் புரிந்துவிடும்.

தஞ்சாவூரிலிருந்து பூதலூர் போகிற வழியில், வீடுகள் முடிந்து வயல்கள் தொடங்கும் இடத்தில் இருந்தது அவருடைய முலாம் பட்டறை. பித்தளைக் குத்துவிளக்கு, விளையாட்டுப் போட்டிக் கேடயம், கல்யாணச் சீர்த்தட்டு, கட்சிக் கூட்டத்தில் தலைவருக்குக் கொடுக்கிற வீரவாள், எதைக் கொண்டுபோனாலும் நிக்கல் முலாம் பூசி முகம் பார்க்கிற மாதிரி ஆக்கிக் கொடுப்பார். நான் அப்போது பக்கத்தில் ஒரு கல்லூரியில் வேதியியல் ஆய்வுத் திட்டம் ஒன்றில் உதவியாளராக இருந்தேன். உதவியாளர் என்றால், பேராசிரியர் சிந்திப்பார், நான் பஸ்ஸில் போவேன்.

முலாம் பட்டறை என்பது ஆசிட்டும் பச்சைத் தண்ணீரும் தெறிக்கிற இடம். சட்டையில் புதிதாக ஓர் ஓட்டையாவது விழாமல் அங்கே யாரும் வீட்டுக்குத் திரும்பியதில்லை. அவர் மட்டும் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் தொட்டிகளுக்கு நடுவே உலாவிக்கொண்டிருப்பார். ஒரு பொட்டுக் கறை இருக்காது. தோளில் ஒரு துண்டு உண்டு, அதுவும் வெள்ளை. அது வியர்வை துடைக்க அல்ல. நான் முதல்முறை போனபோது ஒரு நாற்காலியை அந்தத் துண்டால் துடைத்துவிட்டு உட்காரச் சொன்னார். எவ்வளவு மரியாதை என்று நெகிழ்ந்துபோனேன். எழுந்து விடைபெற்றுத் திரும்பிப் பார்த்தால், அதே நாற்காலியை மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தார்.

எங்கள் குடும்பம் இரண்டு தலைமுறைக்கு முன்பு பிறர் வயலில் கூலிக்கு நாற்று நட்ட குடும்பம். நாற்காலியைத் துடைக்கிற கை எங்களுக்குப் பழக்கமான கை. அன்று பஸ்ஸில் வழி முழுக்க அதையே நினைத்துக் கொதித்துக்கொண்டு போனேன். அப்புறம் ஒருநாள் தாசில்தார் வந்து உட்கார்ந்து எழுந்துபோன நாற்காலியையும் அவர் அதே துண்டால், இன்னும் கொஞ்சம் அழுத்தியே துடைத்ததைப் பார்த்தேன். அவருடைய சொந்தச் சம்பந்தி உட்கார்ந்த நாற்காலிக்கும் அதே கதிதான். மனிதர் எல்லோரையும் சமமாக அசுத்தம் என்று நினைக்கிறவர் என்று தெரிந்த பிறகுதான் எனக்கு மனசு ஆறியது.

பொங்கலுக்கு மற்ற முதலாளிகள் இனிப்புப் பெட்டி கொடுப்பார்கள். இவர் ஆளுக்கொரு டஜன் சோப்புக் கட்டி கொடுப்பார். கூடவே உபதேசமும் உண்டு. "நம்ம எடம் சுத்தமா இருக்கணும்" என்பதுதான் அந்த உபதேசத்தின் தொடக்கம், நடு, முடிவு. டீ வந்தால் எல்லோருக்கும் காகிதக் கப்பு, அவருக்கு மட்டும் வீட்டிலிருந்து வந்த எவர்சில்வர் டம்ளர். குடித்த காகிதக் கப்புகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, கீழே ஒன்றுகூடச் சிந்தாமல், தானே எடுத்துப்போய் மதிலுக்கு மேலாகப் போடுவார். அந்தப் பக்கம் வாய்க்கால். ஒருமுறை நான் கேட்டேவிட்டேன், ஏன் சார் அங்கே போடுகிறீர்கள் என்று. ஓடுகிற தண்ணீர்தானே மேடம், கொண்டுபோய்விடும் என்றார். எங்கே கொண்டுபோகும் என்று நான் கேட்கவில்லை. காவிரி இவ்வளவு தூரம் வருவதே இவருடைய டீக்கப்பை ஏற்றிப்போகத்தான் என்று அவர் நம்பும்போது நான் ஏன் குறுக்கே நிற்க வேண்டும்?

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஒருநாள் ஒரு தொழிலாளி கையில் ஆசிட் கொட்டிவிட்டது. எல்லோரும் கத்திக்கொண்டிருந்தபோது, அவர்தான் ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்துக் குழாயடியில் நீட்டினார். எரிச்சலில் கையை இழுத்த ஆளை விடவே இல்லை. வேட்டி நனைந்து, ஆசிட் பட்டுப் பொத்தலாகி, காலில்கூடக் கொஞ்சம் வெந்துபோனது. அந்த ஆளுக்குக் கை பிழைத்தது. நம்ம இடத்துக்குள் இருக்கிற யாருக்கும் அவர் ஒரு குறை வைத்ததில்லை. அதனால்தான் அவரை முழுதாக வெறுக்கவும் எனக்கு வரவில்லை. மதில் மட்டும் இன்னும் கொஞ்சம் தள்ளிக் கட்டப்பட்டிருந்தால் அவர் ஒரு மகானாகியிருப்பார்.

மதிலுக்கு அந்தப் பக்கத்தில் வாய்க்காலை ஒட்டி மல்லிகா அக்கா குத்தகைக்கு நிலம் வைத்திருந்தார். புருஷன் இல்லை. அந்த நிலம்தான் எல்லாம். பட்டறையில் முலாம் பூசிய பொருட்களை அலசிய தண்ணீர் ஒரு குழாய் வழியாக அந்த வாய்க்காலில்தான் விழுந்துகொண்டிருந்தது. அதில் நிக்கல் கலந்திருக்கும். நாற்று விட்டால் மடையோரத்தில் மஞ்சள் பூத்தது. மல்லிகா அக்கா உரக்கடையில் சொன்னார். உரக்கடைக்காரர் துத்தநாகச் சத்து போதவில்லை என்று ஒரு மூட்டையை விற்றார். உலோகம் அதிகமாகிச் செத்துக்கொண்டிருந்த பயிருக்கு இன்னொரு உலோகத்தை வாங்கிப் போட்ட பிறகும் மஞ்சள் போகவில்லை. கடைசியில் அக்கா ஒரு கட்டு நாற்றைப் பிடுங்கிக்கொண்டு கலெக்டர் ஆபீசில் விவசாயிகள் குறைதீர்க் கூட்டத்துக்குப் போய் மேசைமேல் வைத்துவிட்டார்.

அதிகாரி ஒருவர் பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. நம்மவர் உடனே காரியத்தில் இறங்கினார். கழிவுநீர்க் குழாயின் வாயை உப்புத்தாள் வைத்துத் தேய்த்து நீல வண்ணம் அடித்தார். குழாய்க்குக் கீழே சாணி தெளித்துக் கோலம் போடச் சொன்னார். தாமரைக் கோலம். அதிகாரி வந்தார், கோலத்தைத் தாண்டிக் கால்வைத்துத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போனார். தண்ணீரைச் சுத்திகரிக்க ஏற்பாடு செய்யாவிட்டால் பட்டறையை மூட வேண்டியிருக்கும் என்று ஓலை வந்தது. அதில் அவருக்கு இருந்த துக்கம் பட்டறை மூடப்படும் என்பதல்ல. "நம்மளப் போயி அசுத்தம்னுட்டாங்களே" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்.

இந்த இடத்தில்தான் எங்கள் பேராசிரியர் நுழைந்தார். அவரிடம் பாலிமர் மணிகள் இருந்தன. பார்க்க ஜவ்வரிசி மாதிரியே இருக்கும், பட்டறை ஆட்களும் அதை ஜவ்வரிசி என்றுதான் சொன்னார்கள். அதை ஒரு குழாயில் நிரப்பிக் கழிவுநீரை உள்ளே விட்டால், மணிகள் தண்ணீரிலிருக்கும் நிக்கலை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டு தண்ணீரை விட்டுவிடும். பிடிக்கப் பிடிக்க மணிகள் பச்சையாக மாறும். முழுக்கப் பச்சையானால் இனி இடமில்லை என்று அர்த்தம். அப்போது கொஞ்சம் ஆசிட் விட்டு அலசினால், பிடித்த நிக்கலையெல்லாம் மணிகள் கக்கிவிட்டு மறுபடியும் வெள்ளையாகிவிடும். கக்கிய பச்சைத் திரவத்தைக் கேனில் பிடித்து முலாம் தொட்டிக்கே திருப்பி எடுத்துப்போகலாம். வாய்க்காலுக்கும் கெடுதல் இல்லை, முதலாளிக்கும் நஷ்டம் இல்லை.

குழாய் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும் என்று பேராசிரியர் பிடிவாதம் பிடித்தார். அறிவியலின் அழகு வெளியே தெரிய வேண்டுமாம். சாதாரண பிவிசி குழாய் போட்டிருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது.

நான் முதலாளியிடம் தெளிவாகத்தான் சொன்னேன். மணிகள் பச்சையானதும் எனக்கு போன் பண்ணுங்கள், நான் வந்து அலசிக் கேனில் பிடித்துத் தருகிறேன், நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம். அவர் தலையாட்டினார். புதிதாக வாங்கி வைத்த வெள்ளைக் கேனைத் துண்டால் துடைத்தார். அதற்கப்புறம் வாராவாரம் திங்கட்கிழமை காலையில் நான் போய்க் குழாயைப் பார்த்து, வெளியேறும் தண்ணீரைச் சோதனைக்குப் பிடித்து வருவது வழக்கமாயிற்று.

முதல் வாரம் மணிகள் வெள்ளை வெளேரென்று இருந்தன. இரண்டாவது வாரமும் அப்படியே. மூன்றாவது வாரம், நான்காவது வாரம், மணிகள் வாரத்துக்கு வாரம் இன்னும் பளபளப்பாகிக்கொண்டு போனது போலவே இருந்தது. தண்ணீரைச் சோதித்தால் நிக்கல் இருப்பதே தெரியவில்லை. பேராசிரியருக்குத் தலைகால் புரியவில்லை. இவ்வளவு கொள்ளளவு உலகத்தில் எந்த மணிக்கும் இல்லை என்றார். நிரம்பவே நிரம்பாத மணிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதத் தொடங்கிவிட்டார். எங்கள் திட்டத்தின் பெயரே கழிவுநீரிலிருந்து உலோக மீட்பு. இதுவரை எவ்வளவு மீட்டிருக்கிறோம் என்று அவர் ஒருநாள் கேட்டார். கேன் காலியாக இருக்கிறது சார் என்றேன். "அது அடுத்த கட்டம்மா" என்றார்.

மதிலுக்கு அந்தப் பக்கம் அந்த வருடம் சம்பாவுக்கு நாற்று விட்டிருந்தார் மல்லிகா அக்கா. மணிக்குழாய் வைத்த பிறகு மஞ்சள் குறைந்ததா என்று ஒரு திங்கட்கிழமை சாலையில் பார்த்துக் கேட்டேன். மற்ற நாளெல்லாம் பரவாயில்லை, வாரத்தில் ஒருநாள் மட்டும் மடையோரத்தில் எரிச்சல் ஏறுகிற மாதிரி தெரிகிறது என்றார். அதைப் பேராசிரியரிடம் சொன்னேன். வெயிலாயிருக்கும் என்றார். எங்கள் கல்லூரியில் காரணம் தெரியாத எதற்கும் வெயில்தான் காரணம்.

ஆயுத பூஜை அந்த வருடம் திங்கட்கிழமை வந்தது. திருத்துறைப்பூண்டியில் எங்கள் வீட்டுக்கு ஞாயிறு மதியமே கிளம்பிவிடலாம் என்று, தண்ணீரை ஒருநாள் முன்னாலேயே பிடித்துவிட ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டறைக்குப் போனேன். வாசலில் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். எல்லா இயந்திரங்களுக்கும் சந்தனம், குங்குமம். தரை ஈரமாக மினுங்கியது. கொல்லைப்பக்கம் போனால், ஒரு நீல பிளாஸ்டிக் தொட்டியில் எங்கள் மணிகள் அத்தனையும் கொட்டிக் கிடந்தன. ஒரு ஆள் குந்தி உட்கார்ந்து அதில் ஆசிட்டை ஊற்றி, அரிசி களைகிற மாதிரி குச்சியால் களைந்துகொண்டிருந்தார். தொட்டியைச் சாய்க்கச் சாய்க்க இலைப்பச்சை நிறத்தில் திரவம் வழிந்து, நீல வண்ணம் அடித்த அதே குழாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் அவர் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் வீடு பெருக்குமுன் விருந்தாளி வந்துவிட்ட மாதிரி வெட்கப்பட்டார்.

"இன்னைக்கே வந்துட்டீங்களா மேடம்? இன்னும் முடியலயே."

இது என்ன சார் என்று கேட்டேன்.

"ஜவ்வரிசிதான். ஆறு நாள்ல எப்படிப் பாசி புடிச்சிடுது தெரியுமா? வெறும் தண்ணியில போவ மாட்டேங்குது. ஆசிட்ல ஒரு அலசு அலசுனாதான் பளிச்சுனு வருது. ஞாயித்துக்கெழமையானா இத முடிச்சிட்டுத்தான் ஆளுங்கள வீட்டுக்கு விடுறது. திங்கக்கெழம நீங்க வர்றீங்கல்ல. படிச்சவங்க வந்து பாக்குற எடம்."

இந்த ஊரில் தண்ணீருக்குள் எது பச்சையானாலும் அது பாசிதான். தொட்டியில் பிடித்தால் பாசி, கிணற்றுப் படியில் பிடித்தால் பாசி, குழாயில் பிடித்தால் மட்டும் நிக்கலாக இருக்கும் என்று அவர் எப்படி நினைப்பார்? நான் வாராவாரம் வருகிறேன் என்பதற்காக, எனக்கு மரியாதையாக, ஆறு நாள் பிடித்ததையெல்லாம் ஏழாம் நாள் ஒரே தொட்டியாக வாய்க்காலில் கவிழ்த்திருக்கிறார். முன்பெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்ததை எங்கள் அறிவியல் பொறுமையாகச் சேர்த்து, கெட்டியாக்கி, ஆசிட்டும் கலந்து, மொத்தமாகப் பரிமாற உதவியிருக்கிறது. நிரம்பாத மணிகளைப் பற்றிய கட்டுரை அப்போது பாதி முடிந்திருந்தது.

"அலசுன தண்ணி எங்க சார் போகுது?"

"அது போயிடும் மேடம்" என்றார், இதைக்கூடவா கேட்பார்கள் என்கிற முகத்தோடு.

அங்கேயே நின்று சொன்னேன். அது பாசி இல்லை, நிக்கல். உங்கள் தொட்டியிலிருந்து போனதுதான். அந்தப் பச்சைக்காகத்தான் இந்தக் குழாயையே வைத்தோம். அவர் தொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி தொட்டியைப் பார்த்தார். அப்போ பாசி இல்லையா என்று மெதுவாகக் கேட்டார். அந்த ஆள் குச்சியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். நான் மடையை அடைக்கச் சொல்லப் போகிறேன் என்று வெளியே ஓடினேன். "இருங்க, நானும் வர்றேன்" என்று பின்னால் குரல் கேட்டது. இத்தனை வருடத்தில் அவர் மதிலுக்கு அந்தப் பக்கம் போனது அதுதான் முதல் தடவை. போக வழியே இல்லை, சாலையில் ஏறிச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். வெள்ளை வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரப்பில் தடுமாறித் தடுமாறி வந்தார்.

மல்லிகா அக்கா நாற்றங்காலில் நின்றிருந்தார். பூஜை முடிந்ததும் நடவு. ஆட்களுக்குச் சொல்லிவைத்தாயிற்று, வயலும் சேறடித்துத் தயாராகக் கிடந்தது. நாற்று பிடுங்க மண் இளகட்டும் என்று காலையிலேயே மடையைத் திறந்துவிட்டிருந்தார். நான் கத்தியதைக் கேட்டு மண்ணை வெட்டிப் போட்டு மடையை அடைத்தார். அதற்குள் தண்ணீர் நாற்றங்கால் முழுக்க ஏறிவிட்டிருந்தது. என்ன விஷயம் என்று மூச்சு வாங்கியபடியே சொல்லி முடித்தேன். மல்லிகா அக்கா மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். நம்மவரைத்தான் பார்த்தார்.

நம்மவர் வரப்பில் நின்று ஒரு சுற்றுப் பார்த்தார். நாற்று பச்சையாகத்தானே இருக்கிறது என்றார். அதில் குதர்க்கம் இல்லை, நிஜமாகவே நிம்மதிப்பட்டுக்கொண்டுதான் சொன்னார்.

"அங்கேருந்து பாத்தா பச்சையாத்தான் தெரியும் மொதலாளி. எறங்கி வந்து பாருங்க."

எந்தக் காரணம் சொல்லியாவது நழுவிவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன். அவர் செருப்பைக் கழற்றினார். வேட்டியை மடித்துக் கட்டினார். இறங்கினார். கால் முட்டி வரைக்கும் சேற்றில் புதைந்தது. மடையோரத்தில் ஒரு நாற்றைப் பிடுங்கினார். வெள்ளையாக நீண்டிருக்க வேண்டிய வேர் காவி நிறத்தில், நுனி கருகி, கட்டை கட்டையாக இருந்தது. அதை வைத்துவிட்டுத் தள்ளிப்போய் இன்னொன்று பிடுங்கினார். அதுவும் அப்படியே. அன்றைக்கு ஒருநாள் தண்ணீரில் ஆனதில்லை, வாராவாரம் ஏறியது. இன்னும் தள்ளிப் போனார். அவராக நாற்றங்காலின் கோடிவரைக்கும் போய்ப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்தார். வேட்டியெல்லாம் சேறு. ஏதாவது ஒரு நாற்றிலாவது வெள்ளை வேர் இருக்காதா என்று அவர் தேடியது எனக்குத் தெரிந்தது. எனக்கு அழுகை வந்துவிடும் போல இருந்தது, அவருக்காகவா மல்லிகா அக்காவுக்காகவா என்று அப்போது பிரித்துச் சொல்லியிருக்க முடியாது.

வேறே நாற்று விட முடியாதா என்று கேட்டார்.

"ஒரு மாச நாத்து மொதலாளி இது" என்றார் மல்லிகா அக்கா. "இனிமே வெத விட்டு, அது வளந்து, நடறதுக்குள்ள அடமழ புடிச்சிக்கும். இந்த வருசம் அவ்வளவுதான்."

அவர் வரப்பில் ஏறினார். இரண்டு கால்களிலும் சேறு உறை போட்ட மாதிரி அப்பியிருந்தது. வேட்டியைப் பார்த்தார், கையைப் பார்த்தார், என்ன செய்வதென்று தெரியாமல் துண்டைத் தோளிலிருந்து எடுத்து மறுபடி தோளிலேயே போட்டுக்கொண்டார். தண்ணீர் இருக்கிறதா என்று என்னிடம் கேட்டார். என்னிடம் சோதனைக்குக் கொண்டுவந்த சின்ன பாட்டில் மட்டும்தான் இருந்தது.

"வாய்க்கால் இருக்கில்ல. கழுவிட்டுப் போங்க" என்றார் மல்லிகா அக்கா. குத்திக்காட்டச் சொன்னதல்ல. வயலிலிருந்து ஏறுகிற யாருக்கும் இந்தப் பக்கத்தில் சொல்கிற வார்த்தைதான்.

அவர் வாய்க்கால் கரையில் இறங்கினார். தண்ணீர் நிறைய ஓடிக்கொண்டிருந்தது. பார்த்தால் ஒன்றும் தெரியாது, தெளிந்த தண்ணீர். ஒரு கையால் கரையோரச் செடியைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலைத் தூக்கித் தண்ணீருக்கு மேலே நீட்டினார். அப்படியே நின்றார். கொஞ்ச நேரம் கழித்து அந்தக் காலை அப்படியே பின்னால் இழுத்துக்கொண்டார்.

யாரையும் பார்க்காமல் மேலேறி வந்து செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பில் நடக்கத் தொடங்கினார். மல்லிகா அக்கா அவர் போவதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம் கேட்டார்.

"அவரு கால வைக்க மாட்டேங்குற தண்ணியிலதானா பாப்பா நான் நாத்து விட்டேன்?"

நான் கையிலிருந்த பாட்டிலை வாய்க்காலில் முக்கி நிரப்பி மூடினேன். நம்மவர் அதற்குள் சாலையில் ஏறி, இரண்டு காலும் சேறுமாகப் பட்டறையைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார்.